மின்னஞ்சல் தலைப்பகுதி

மின்னஞ்சல் தலைப்பகுதி என்பது மின்னஞ்சலின் உடற்பகுதிக்கு முன்னர் அமையும் தகவல் வரிகளின் தொகுப்பாகும். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் ஆகியவற்றோடு, மடல் கடந்து வந்த வழியும் எரித வடிகட்டி அதற்கு அளித்த மதிப்பீடும் இதில் பதிவாகின்றன. இதன் வடிவம் 1982இல் ஆர்.எஃப்.சி. 822 ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5322 அதனை மேலும் திருத்தியது.

வழித்தடம்

ஒவ்வொரு அஞ்சல் வழங்கியும் தான் பெற்ற மடலின் உச்சியில் ‘ரிசீவ்டு’ எனும் வரியைச் சேர்க்கிறது. எனவே இவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மடலின் பயணம் புலப்படும். அனுப்புநர் முகவரியையும் கீழுள்ள ‘ரிசீவ்டு’ வரிகளையும் பொய்யாகப் புனைய இயலும். இந்திய நேரத்தைக் காட்டும் +0530 எனும் குறிப்பும் அனுப்பும் கணினி எழுதுவதே. பெறுநரின் சொந்த வழங்கி இட்ட வரியே நம்பத்தக்கது.

வடிகட்டியின் தடயங்கள்

2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் எனும் கட்டற்ற மென்பொருள், மடலைப் பல சோதனைகளுக்கு உட்படுத்திப் புள்ளிகளைக் கூட்டுகிறது. இயல்பிருப்பில் 5 புள்ளிகளை எட்டும் மடல் எரிதம் எனக் குறிக்கப்படும். ‘எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ்’ வரி மொத்தப் புள்ளியையும் பொருந்திய சோதனைகளின் பெயர்களையும் தருகிறது. ‘எக்ஸ்-ஸ்பேம்-லெவல்’ வரி புள்ளிக்கு ஒன்றாக உடுக்குறிகளை இடுகிறது. ‘எக்ஸ்-ஸ்பேம்-செக்கர்-வெர்ஷன்’ வரி மென்பொருளின் பதிப்பைக் காட்டுகிறது. நல்ல மடல் ஒன்று தவறுதலாகத் தடுக்கப்பட்டால், அதன் காரணத்தை இவ்வரிகளிலிருந்து அறியலாம்.

தமிழ் மடல்கள்

தலைப்பகுதி முதலில் ஆங்கில எழுத்துகளுக்கென்றே வரையறுக்கப்பட்டது. பிற மொழி எழுத்துகளைக் குறியாக்கி இடும் முறையை 1996இல் ஆர்.எஃப்.சி. 2047 வகுத்தது. திஸ்கி போன்ற 8 பிட் குறியாக்கத்தில் பொருள் வரியை அப்படியே இட்ட மடல்கள், நெறிமுறைக்குப் புறம்பான எழுத்துகளைத் தேடும் சோதனையில் சிக்கி, எரிதப் புள்ளி பெற வாய்ப்பிருந்தது. முறையாகக் குறியாக்கப்பட்ட ஒருங்குறி மடல்களுக்கு இச்சிக்கல் இல்லை.

ஊரக இணைப்புகள்

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு ஊரகத் தகவல் மையங்களைத் தொடங்கியது. மையத்தின் மின்னஞ்சல் தொடர்பு தொலைபேசி வழியாகவும், கிராமங்களுடனான தொடர்பு வி.எச்.எஃப். வானொலி உள்ளிட்ட கருவிகள் வழியாகவும் நடைபெற்றது. இத்தகைய மெதுவான இணைப்புகளில் எரிதத்தின் செலவு பெறுநரையே சாரும். வழங்கியிலேயே வடிகட்டுதல் அச்செலவைக் குறைக்கும். பாப்3 நெறிமுறையின் ‘டாப்’ கட்டளையை ஏற்கும் வழங்கிகளில், தலைப்பகுதியை மட்டும் முதலில் பெற்று, வேண்டாத மடலை இறக்காமலேயே நீக்கலாம்.