வெனிசுக் காசும் தமிழர் இட்ட பெயரும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் அடிமைகள் இருத்தப்பட்டிருந்த கொழும்புப் பகுதி இன்று கொம்பனித்தெரு என வழங்குகின்றது. அக்கொம்பனி 1799இல் கலைக்கப்பட்டது. எனினும் அச்சொல் ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டது. ஆட்சிகள் அழிந்த பின்னரும் அவற்றின் சுவடு மக்கள் வழங்கும் பெயர்களில் எஞ்சும் என்பதற்கு இது சான்றாகும். பழைய இத்தாலிய அரசுகளின் நாணயங்களை ஆராய்வோரும் இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் தகும்.

1861இல் இத்தாலிய இராச்சியம் அமையுமுன் வெனிசு, செனோவா, புளோரன்சு, மிலான் முதலிய அரசுகள் தனித்தனியே நாணயம் அச்சிட்டன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு வெளியிட்ட 'குரோசோ' என்னும் வெள்ளிக்காசு ஏறத்தாழ 2.2 கிராம் நிறையுடையது. அதன் ஒருபுறத்தில் அரியணையில் வீற்றிருக்கும் கிறித்துவும், மறுபுறத்தில் புனித மாற்கிடமிருந்து கொடியைப் பெறும் குடியரசுத் தலைவரும் காணப்படுவர். இத்தகைய காசுகளைத் திரட்டியோருள் தலையாயவர் இத்தாலிய மன்னர் மூன்றாம் விற்றோரியோ இமானுவேல் ஆவார். 1910 முதல் 1943 வரை அவர் வெளியிட்ட பட்டியல் 20 தொகுதிகளைக் கொண்டது. இலட்சத்துக்கு மேற்பட்ட காசுகளைக் கொண்ட அவரது தொகுப்பு 1946இல் நாட்டுக்கு உரியதாயிற்று.

மிளகும் கறுவாவும் நாடி ஐரோப்பிய வெள்ளி கிழக்கு நோக்கிப் பாய்ந்தது. ஆயின், அது தன் முகத்துடன் நெடுந்தூரம் செல்லவில்லை. மேற்கிலிருந்து வந்த வெள்ளியை உருக்கித் தம் முத்திரையிடுவது பாரசீக, முகலாய நாணயசாலைகளின் வழக்கம். பாரசீகத்தின் லார் நகரப் பெயரைக் கொண்ட 'லாரின்' என்னும் வெள்ளிக்கம்பிப் பணம், ஈழத்தில் தூண்டில் வடிவில் வழங்கியது. கண்டி இராச்சியத்தில் மக்களே அரசனின் இசைவுடன் அதனைச் செய்துகொண்டமையை றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார்.

வெனிசின் பொற்காசாகிய 'டுக்காட்டு' இதற்கு மாறானது. 1284இல் தோன்றிய அது, 1797இல் அக்குடியரசு வீழும்வரை வடிவத்திலும் தூய்மையிலும் பெரிதும் மாறவில்லை. அதனாலேயே உருக்கப்படாது கைமாறித் தமிழகத்தை அடைந்தது. ஆங்கே அது 'சாணார் காசு' எனப் பெயர் பெற்றது. கோலேந்தி மண்டியிடும் தலைவரின் உருவம், பனையேறும் தொழிலாளியாக மக்கள் கண்ணுக்குத் தோன்றியது. சாணார் என்பது பனைத்தொழில் புரிந்தோரைக் குறித்து அக்காலத்தில் வழங்கிய சொல். இதனை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. அயல்நாட்டுக் காசொன்று தமிழர் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதை அப்பெயரே உணர்த்துகின்றது.

எனவே ஒரு காசின் வரலாறு இரு பகுதியுடையது. அச்சிட்டோர் வரலாறு இத்தாலியப் பட்டியல்களில் உண்டு. கையாண்டோர் வரலாறோ, காசு கிடைத்த இடத்திலும் அவர்கள் இட்ட பெயரிலுமே தங்கியுள்ளது. எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை கொம்பனித்தெருவுக்கு அணித்தே உள்ளது. புதையலைப் பிரித்து விற்பவரும் பொன்னை உருக்குபவரும் அழிப்பது உலோகத்தை மட்டுமன்று. வேறெங்கும் எழுதப்படாத நம் முன்னோரின் வரலாற்றையுமாம். கிடைத்த இடத்தைக் குறித்துவைக்காத தொகுப்பு, எத்துணைப் பெரிதாயினும், பாதி வரலாறே.