தெகார்த் ஆடாத கேரம்

ஹாஸ்டலில் நாங்கள் ராத்திரி முழுக்க ஆடிய கேரம் போர்டை தெகார்த் ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

1644இல் வெளிவந்த ‘மெய்யியலின் கோட்பாடுகள்’ நூலில் அவர் இயக்க விதிகளைச் சோதனையிலிருந்து எடுக்கவில்லை. கடவுள் மாறாதவர், ஆகவே படைப்பின்போது உலகத்தில் வைத்த இயக்கத்தின் மொத்த அளவையும் மாறாமல் காக்கிறார். அவ்வளவுதான் முதல். தடையில்லாத பொருள் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும் என்பதை இதிலிருந்தே வருவித்தார். நியூட்டனுக்கு 43 வருடம் முன்பே! இந்த இடத்தில் எனக்கு இன்னமும் புல்லரிக்கும்.

சிக்கல் அடுத்து வரும் ஏழு மோதல் விதிகளில். சும்மா நிற்கும் பெரிய பொருளை, சின்னது எவ்வளவு வேகமாக வந்து இடித்தாலும் அசைக்கவே முடியாதாம். இரண்டும் சம அளவு என்றால்? வந்தது 4 பங்கு வேகம் என்றால், நின்றதற்கு 1 பங்கு கொடுத்துவிட்டு 3 பங்கோடு திரும்பிப் போகுமாம். கூட்டினால் 4, கணக்கு இடிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கில் திசையே கிடையாது. கேரமில் ஒரு காய் இன்னொன்றை நேராக அடித்தால் வந்தது ஏறக்குறைய நின்றுவிடும், நின்றது ஓடும். அனுபவம் வேறு மாதிரி தெரிந்தால் அது சுற்றியிருக்கும் பொருட்களின் குறுக்கீடு என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார். ‘என் மெஷின்ல ஓடுதே’ என்று நாங்கள் சொல்வோமே, அந்த ரகம்.

அவரை மடக்கியது சோதனை மட்டும் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. 1650களில் ஹைகன்ஸ் ஒரு படகைக் கற்பனை செய்தார். சீராகப் போகும் படகில் இரண்டு சமமான பந்துகள் ஒரே வேகத்தில் எதிரெதிரே மோதி அதே வேகத்தில் திரும்புகின்றன. இது தெகார்த்தே ஒப்புக்கொண்ட முதல் விதி. படகின் வேகமும் பந்தின் வேகமும் ஒன்றென்றால், கரையில் நிற்பவருக்கு ஒரு பந்து முதலில் நிற்கிறது, மற்றது இரட்டை வேகத்தில் வருகிறது. மோதியதும் வந்தது நிற்கிறது, நின்றது ஓடுகிறது. 3-1 கணக்கு அங்கேயே காலி. அதுவும் வெறும் யோசனையால்!

ஆனால், கரைக்கும் படகுக்கும் ஒரே விதிதான் என்ற நம்பிக்கை வெறும் யோசனையில் வருமா? ஹைகன்ஸ் கால்வாய்களின் ஊரான ஹாலந்துக்காரர். அவருடைய அப்பா தெகார்த்தின் நண்பர். தெகார்த்தும் அங்கே சுமார் இருபது வருடம் இருந்தார். அதே படகுகளில்தான் அவரும் போய்வந்திருப்பார்.