சுண்ணாம்புக் கம்பம்: பெயர்கள் காட்டும் நிலம்

சிற்றூரிலிருந்து புலம்பெயர்ந்தோர் புதிய நிலத்தை எவ்வாறு அறிந்தனர் என்பதற்கு அவர்கள் வழங்கிய இடப்பெயர்களே முதற்சான்று. சிங்கப்பூரில் இன்று 'லிட்டில் இந்தியா' எனப்படும் பகுதியை முன்னைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அறியப்பட்டது.

இப்பெயரில் 'சுண்ணாம்பு' தாயகத்திலிருந்து உடன்வந்த சொல். 'கம்பம்' மலாய்மொழியின் 'கம்போங்' தமிழொலிக்கு இசைந்த வடிவம். தேனி மாவட்டத்துக் கம்பத்திற்கும் இதற்கும் உறவில்லை. பழகிய தொழிலைத் தம் சொல்லாலும் புதிய குடியிருப்பை இம்மண்ணின் சொல்லாலும் குறித்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. அருகிலுள்ள 'கம்போங் காப்பூர்' என்னும் மலாய்ப் பெயரும் சுண்ணாம்பையே சுட்டுகிறது. அச்சொல்லுக்குக் கற்பூரம் என்னும் பொருளும் உண்டெனினும், இங்கே அது பொருந்தாது.

இப்பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற்சூளைகளும் இருந்தன. கிளிஞ்சலையும் பவளப்பாறையையும் சுட்டு நீற்றும் முறை நம் கடலோர ஊர்களில் வழிவழியாக வந்த அறிவு. இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திற்கு 'மதராஸ் சுண்ணம்' பூசப்பட்டது. கிளிஞ்சற் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து, தேங்காய்மட்டை ஊறிய நீரில் குழைத்த சாந்து அது. எழுத்தறியாக் கொத்தர் கைப்பழக்கத்தால் காத்த நுட்பத்தை அறிவியல் என்று அழைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

பெயர்கள் நீர்நிலையையும் சொல்லும். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்புநிலம் எருமைகள் உழல ஏற்றது. ஆதலின் மாட்டுத்தொழில் இங்கே வேரூன்றிற்று. சதுப்பு வற்றி, மாடுகள் அகன்றன. 'பஃபலோ சாலை', 'கண்டாங் கெர்பாவ்' என்னும் பெயர்கள் நின்றன. 'எருமைக் கொட்டில்' எனப் பொருள்படும் இரண்டாம் பெயர் இன்று ஒரு மகப்பேற்று மருத்துவமனைக்குரியது.

'தேக்கா' என்பதைத் தேக்குமரத்தோடு இணைத்துப் பொருள்கூறுவார் உளர். அது ஹொக்கியன் மொழியில் மூங்கில் அடிவாரத்தைக் குறிக்கும் தொடரின் திரிபு. 1980களில் அங்கெழுந்த சந்தைக் கட்டடத்திற்கு அதன் மாண்டரின் ஒலிவடிவமான 'ஜூஜியாவ்' சூட்டப்பட்டது. மக்கள் வாயில் அது நிலைக்கவில்லை. 2000இல் 'தேக்கா' மீண்டது. சுண்ணாம்புக் கம்பத்திற்கு அத்தகைய மீட்சி வாய்க்கவில்லை. கோயில் வரலாற்றிலும் முதியோர் சிலர் பேச்சிலுமே அது எஞ்சியுள்ளது.