சிறு நூல்நிலையமும் தண்டப்பணமும்

காரியாலயங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஊழியர் தம்முட் கூடி நடத்தும் சிறு நூல்நிலையங்களிலே ஒரு வழக்கு அடிக்கடி எழுகின்றது. தவணை தவறியவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவு எனத் தண்டம் அறவிடுதல் முறையா என்பதே அவ்வழக்கு. தண்டமில்லையேல் நூல் திரும்பாது என்பார் பலர். அவர் கூற்று உண்மைதானா என்பதற்குச் சரித்திரத்தையே சாட்சிக்கு அழைப்போம்.

அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரில், அச்சுத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் பிராங்கிளின் 1731ஆம் ஆண்டில் நண்பர்களோடு கூடிச் சந்தா நூல்நிலையமொன்றை நிறுவினார். உறுப்பினராய்ச் சேர்ந்த 50 பேரும் தொடக்கத்தில் தலைக்கு 40 சிலிங்கும் அதன்மேல் ஆண்டுதோறும் 10 சிலிங்கும் கொடுக்க இசைந்தனர். வாரத்தில் ஒருநாள் நூல் இரவல் வழங்கப்பட்டது. முறைப்படி திருப்பிக் கொடாவிடின் விலையில் இருமடங்கு இறுப்பதாக இரவல் பெறுவோர் முறி எழுதிக் கொடுத்தனர். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கின்றது. ஆயினும் ஊன்றி நோக்குமிடத்து, இது நாட்கணக்கில் வளரும் தண்டமன்று. நூலுக்கு வைத்த ஈடேயாகும். இலண்டனிலிருந்து கப்பலேறி வரவேண்டிய நூல்களுக்கு அத்தகைய ஈடு கேட்டதில் வியப்பில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 1741இல், ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலே லெட்ஹில்ஸ் என்னும் ஈயச் சுரங்க ஊரில் ஒரு நூல்நிலையம் தோன்றியது. பிரித்தானியாவின் சந்தா நூல்நிலையங்களுள் இதுவே மூத்ததென்பர். நம் விடயத்துக்கு இதுவே நேரான உதாரணம். ஏனெனில் உறுப்பினருட் பெரும்பாலார் சுரங்கத் தொழிலாளரே. அக்காலத்தில் அச்சுரங்கத்தை மேற்பார்த்தவர் கணித அறிஞராகிய ஜேம்ஸ் ஸ்ரேர்லிங். நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 மணி நேரமே அங்கு வேலை; எஞ்சிய பொழுது படிப்புக்கு உதவியது. 1803இல் அவ்வழியே சென்ற டொறதி வேர்ட்ஸ்வேர்த் என்னும் அம்மையார், கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தின் தங்கையார், ஷேக்ஸ்பியரின் நூல்கூட அங்குண்டெனக் கேட்டு அதிசயித்துத் தம் பயணக் குறிப்பில் எழுதிவைத்தார். மாதம் ஏறக்குறைய 4 பென்ஸ் சந்தாவென்றும், நிலவுடைமையாளராகிய ஹோப்ரவுன் பிரபு தாராளமாய் உதவினாரென்றும் அக்குறிப்பு கூறும். அயலூராகிய வன்லொக்ஹெட் சுரங்கத்தாரும் 1756இல் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டனர்.

ஈயம் வெட்டியவன் நான்கு பென்ஸ் கொடுத்தது எதற்கு? நூல் தனக்கும் தன்னோடு வேலை செய்பவனுக்கும் பொதுவென்ற உரிமைக்கு. பிந்திக் கொடுத்தால், காத்திருப்பவன் நாளை அதே சுரங்கத்தில் அருகே நிற்பான். அந்த முகத்தை எதிர்கொள்வதைவிடப் பெரிய தண்டம் வேறென்ன!

அம்முகநோக்கத்தைப் பணம் கெடுத்துவிடும் என்பதற்கு நம் காலத்துச் சான்றொன்று உண்டு. இஸ்ரேலில் ஹைபா நகரத்துச் சிறுவர் காப்பகங்கள் 10இல் நீசி, ருஸ்ரிகீனி என்னும் இரு பொருளியலாளர் ஆராய்ச்சி நடத்தி, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பிள்ளைகளை அழைத்துச்செல்லப் பிந்தி வரும் பெற்றோரிடம் சில காப்பகங்களில் தண்டம் விதிக்கப்பட்டது. பிந்துவோர் தொகை குறையவில்லை, ஏறக்குறைய இருமடங்காயிற்று! பின்னர் தண்டத்தை எடுத்துவிட்டபோதும் அத்தொகை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆசிரியையைக் காக்கவைப்பது பிழையென்று முன்னர் நாணியவர்கள், காசு கொடுத்தபின் அதை வாங்கிய பொருளாகக் கருதினர் போலும். நூல்நிலையம் வேறு, காப்பகம் வேறு எனலாம். ஆனால் இரண்டிலும் காத்திருக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார்.

வேலைத்தலத்திலே இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே தண்டம் மேலதிகாரிக்குத் தேநீர்க் காசு. காவலாளிக்கோ அரைநாட் சாப்பாடு. முன்னவர் கொடுத்துவிட்டு நூலை இன்னுமொரு மாதம் வைத்திருப்பார். பின்னவர் நூல்நிலையப் பக்கமே தலைகாட்டார், நூலும் வராது. நியூயோர்க் பொது நூலகத்தில் 15 டொலர் தண்டம் சேர்ந்தால் இரவல் அட்டை முடக்கப்பட்டது. நகரத்துப் பொது நூலகங்கள் அனைத்திலும் இவ்வாறு முடங்கியவை ஏறக்குறைய 4 இலட்சம். 2021 ஒக்டோபரில் அந்நூலகம் தண்டத்தையே ஒழித்தது. (அதே நகரில் வேறொரு நூல்நிலையத்திலிருந்து 1789இல் ஜோர்ஜ் வாஷிங்டன் பெயரில் இரவலாகிய நூல் திரும்பவேயில்லை, 2010இல் அவர் இல்லத்தைப் பேணுவோர் வேறொரு பிரதியைக் கொடுத்தபோது நூல்நிலையத்தார் ஒரு சதமேனும் கேட்கவில்லை. சனாதிபதிக்கு ஒரு நீதி!)

சிக்காகோ நகரத்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2019 ஒக்டோபர் 1ஆந் திகதி அங்கே தண்டம் நீக்கப்பட்டது. தொடர்ந்து வந்த சில வாரங்களில் திரும்பிவந்த நூல்களின் தொகை 240 சதவீதம் உயர்ந்ததென அந்நூலகம் அறிவித்தது. அந்நூல்களை வீட்டில் முடக்கிவைத்தது சோம்பலன்று, அச்சமே. தவணை கடந்து நெடுங்காலம் திரும்பாத நூலுக்கும் தொலைந்த நூலுக்கும் விலை கொடுக்கவேண்டுமென்ற விதியை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. நூல் திரும்பியதும் அக்கணக்கு அழிந்துவிடும். பிராங்கிளினின் முறியிற் பாதி அது.