கார்த்திகை பெயரில் ஒரு விமானம்

என்ஜின் இல்லாத விமானம் கிளைடர். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தபோது அதை 'பிளானர்' என்று கற்றேன். கண்ணால் கண்டது 1974இல், புனே ஹடப்சர் மைதானத்தில்.

அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி என்று நம் நாட்டு கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்கள். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து 1963இல் முதலில் பறந்த கார்த்திக், நம் கார்த்திகைதான்.

பறப்பதை விடத் தரையில்தான் வேலை அதிகம். கிளைடரைக் கையால் தள்ளி வந்து வரிசையில் நிறுத்துவார்கள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி வின்ச் இயந்திரம். அதன் கம்பி வடத்தை வண்டியில் இழுத்து வந்து மாட்டுவார்கள். ஒருவர் இறக்கையைச் சமமாகப் பிடித்துக்கொள்வார். வானம் காலியா என்று பார்த்த பிறகே சைகை. வடம் இறுகும், கிளைடர் எழும்பும். யார் 'நிறுத்து' என்றாலும் நிறுத்தியாக வேண்டும்.

அன்று நிறுத்தியவன் இறக்கை பிடித்திருந்த பையன். பின்னால் இன்னொரு கிளைடர் இறங்கிக்கொண்டிருந்தது. விமானி மறுபேச்சு பேசவில்லை. ஓரத்தில் ஒருவர் ஏறிய நேரம், இறங்கிய நேரம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என் இனம்!

திருவண்ணாமலையில் தீபத்தன்று மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்ததும், 2668 அடி உச்சியில் சுடர் எழும். நாம் அண்ணாந்து கும்பிடுவோம். நெய்யும் திரியும் சுமந்து ஏறியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு ஹடப்சர் பையன் ஞாபகம் வரும்.