களிமண்ணும் நீரும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடமேற்கே பல்லாவரம் குன்றுகள் உள்ளன. அங்கே 1880களின் இறுதியில், தொல்பொருள் ஆய்வாளர் அலெக்சாந்தர் ரே, சுட்ட மண்ணாலான ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். அடியில் வரிசையாகக் கால்கள் அமைந்த அப்பேழை, இரும்புக்கால மக்களின் கைவண்ணம்.

மாணவர்களே, அத்தனை பெரிய மட்கலத்தை வனைவதில் உள்ள இடர் யாது? நீர்தான். நீரின்றிக் களிமண் குழையாது. வனைந்தபின் அந்நீர் வெளியேறியாக வேண்டும். விரைந்து வெளியேறினால் கலம் பிளக்கும். ஈரம் மிஞ்சிய கலத்தைச் சூளையிலிட்டால் நீராவி அதனை உடைத்துவிடும். ஆகவே பொறுமையே குயவரின் முதற்கருவியாயிற்று.

இயந்திர யுகம் காத்திருக்க விரும்பவில்லை. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு பிராசர், ஏறக்குறைய உலர்ந்த களிமண் பொடியை அச்சிலிட்டு அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஹெர்பர்ட் மின்டன் அம்முறையால் தரையோடுகள் செய்தார். ஆனால் பீங்கான் தொழிலாளருக்குத் தூசி பழம்பகை. சிலிக்கா கலந்த தூசி நுரையீரலைக் கெடுத்து உயிரையே குடிக்கும். உலர்ந்த பொடியைக் கையாளும் முறை அப்பகைக்கு மேலும் ஒரு வாயிலைத் திறந்தது.

தீர்வுக்கான வழி வேறு துறையிலிருந்து வந்தது. 1872இல் அமெரிக்கராகிய சாமுவேல் பெர்சி, திரவத்தை நுண்துளிகளாகச் சிதறடித்து உலர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் பாற்பொடி செய்ய உதவிய அம்முறையை, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஓட்டுத் தொழிலும் மேற்கொண்டது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீருள்ள களிமண் குழம்பை உயர்ந்த கலத்தினுள் துளிகளாகப் பீய்ச்சுவர். சுடுகாற்றில் ஒவ்வொரு துளியும் சில நொடிகளில் உலர்ந்து குருணையாக அடியில் விழும். அதில் நூற்றுக்கு 6 பங்கு அளவில் ஈரம் நிற்கும். அழுத்தும்போது மண் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள அது போதும். உருண்டையான குருணை கடுகுபோல் ஓடி அச்சின் மூலையெல்லாம் சீராக நிரம்பும். நுண்பொடியைப்போல் அத்தனை பறக்காது.

இதற்கும் விலையுண்டு. அன்று வெயிலும் காற்றும் இலவசமாகச் செய்த வேலைக்கு இன்று எரிபொருள் மிகுதியாக வேண்டும். தூசியும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. காற்றை உறிஞ்சித் தூய்மையாக்கும் கருவிகளும் முகக்கவசமும் தொழிற்கூடத்தில் இன்றும் தேவை. ஆகையால் ஒரு தொழிலின் வரலாற்றைப் படிக்கும்போது, அதன் வேகத்தை அளப்பதோடு நில்லாமல், அது யாருடைய மூச்சைக் காத்தது என்றும் கேட்டறிவது மாணவர் கடனன்றோ?