மௌனமான புள்ளி: 1991ல் வந்த இரண்டு கட்டுரைகள்

துடிப்பு நியூரான்களைக் கொண்டு பார்வையை மாதிரி செய்த வரலாற்றில் 1991ஐ நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறேன். காரணம் கடைசியில் சொல்றேன்.

முதலில் அடிப்படை. 1907ல் பிரான்சின் லூயி லாபிக் நரம்புத் தூண்டலை ஒரு மின்சுற்றாக எழுதினார். இன்றைய எளிய துடிப்பு நியூரான் அதிலிருந்து வளர்ந்ததுதான். அடியில் சின்ன ஓட்டை உள்ள பானைன்னு வெச்சுக்குங்க. தண்ணீர் சேரும், கொஞ்சம் கசியும். விளிம்பைத் தொட்டதும் ஒரு துடிப்பு, பானை காலி.

1991ல் கால்டெக்கின் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் சிலிக்கான் விழித்திரை பற்றி 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார்கள். அந்த வழியில் 2008ல் சூரிச்சிலிருந்து வந்த 128×128 சென்சாரில், வெளிச்சம் மாறினால்தான் ஒரு புள்ளி பேசும். மாறலைன்னா மௌனம். மின்சாரம் மிச்சம்.

அதே 1991ல் 'நேச்சர்' இதழில் வி.எஸ். ராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரெகரியும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இரு கண் ஆழப்பார்வை பற்றி 1973லேயே 'நேச்சரில்' எழுதியவர். மினுமினுக்கும் புள்ளிகளுக்கு நடுவே, பார்வையின் ஓரத்தில் ஒரு சாம்பல் சதுரம். கண்ணை அசைக்காமல் சில விநாடி பார்த்தால் சதுரம் மறைந்து, அந்த இடத்திலும் மினுமினுப்பு நிரம்பிவிடும். இல்லாததை மூளை நிரப்புகிறது.

போன வருஷம் அம்மா அம்பத்தூர் ஓ.டி.யில் பக்கவாட்டில் வந்த சைக்கிளைக் கவனிக்காமல் இடித்துக்கொண்டார். டாக்டர் ஃபீல்ட் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். க்ளாக்கோமா. ரிப்போர்ட்டில் ஓரமெல்லாம் கறுப்பு. அம்மாவோ, "கறுப்பா எதுவும் தெரியலையேடா, எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்றார்.

அன்று ராத்திரி என் லேப்டாப் மாதிரியில் ஒரு மூலைப் புள்ளிகளை வேண்டுமென்றே அணைத்தேன். அடுத்த அடுக்குக்கு வித்தியாசமே தெரியவில்லை. செத்த புள்ளியும் மாறாத வெற்றுச்சுவரும் அதற்கு ஒரே மௌனம்.

சிக்கனத்துக்காக நாம் மெச்சும் மௌனத்தின் விலை இதுதான். ஃபீல்ட் டெஸ்ட் செய்வதும் இதைத்தான் உடைப்பது: ஒவ்வொரு இடத்திலும் வேண்டுமென்றே ஒரு ஒளிப்பொட்டைக் காட்டி, "இருக்கியா?" என்று கேட்கிறது. க்ளாக்கோமாவில் செத்த நரம்பிழை திரும்பாது. மிச்சத்தைத்தான் சொட்டு மருந்து காக்கும்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த சனிக்கிழமை எனக்கு டெஸ்ட். நாற்பதைத் தாண்டியவங்க நீங்களும் ஒரு தடவை போய்ப் பாருங்க.